கண்ணைப் பற்றிய கேள்வியும் நாற்காலியைப் பற்றிய கேள்வியும்

(பினாங்கு, ஜார்ஜ் டவுனில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



1998 நவம்பர் 16ஆம் தேதி இரவு கோலாலம்பூரில் ஒரு விருந்து. ஏபெக் உச்சநிலை மாநாட்டையொட்டி வந்திருந்த அரசுத் தலைவர்களும் பெருநிறுவனத் தலைவர்களும் கூடியிருந்தார்கள். விருந்தளிக்கும் நாட்டின் பிரதமர் டாக்டர் மகாதீர் முகமது அவையில் இருந்தார். ஈராக் நெருக்கடியால் அமெரிக்க அதிபர் கிளிண்டன் வரவில்லை. அவருக்குப் பதிலாகத் துணை அதிபர் அல் கோர் வந்திருந்தார். அவர் எழுந்து பொருளாதாரம் பேசினார். பேச்சின் ஊடே, சீர்திருத்தம் கேட்டுத் தெருவுக்கு வந்த மலேசிய மக்களைத் துணிவுள்ளவர்கள் என்று பாராட்டினார். ‘ரிஃபோர்மாசி’ என்ற முழக்கத்தையே அந்த மேடையில் உச்சரித்தார். பேசி முடித்ததும் சாப்பிட உட்காராமல் புறப்பட்டுப் போய்விட்டார். வாழ்நாளில் இவ்வளவு அருவருப்பான பேச்சைக் கேட்டதில்லை என்று அமைச்சர் ரபிடா அசிஸ் சீறினார்.

அந்தப் பேச்சு யாருக்கு உதவியது? தெருவில் நின்றவர்களுக்கா, நாற்காலியில் இருந்தவருக்கா? இன்றைய உரையை இந்தக் கேள்வியில் தொடங்குகிறேன். மக்கள் கிளர்ந்தெழும்போது, இரும்புக் கையோடு ஆளும் ஒருவர் மீது வெளிநாடுகள் நெருக்குதல் கொடுப்பதால் என்ன விளைகிறது என்பதே என் பொருள். என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நீங்கள் எடை போட்டுக்கொண்டே கேட்கலாம். யார் ஆள வேண்டும் என்று வெளியார் பேசினால் ஆள்பவரின் கை வலுக்கிறது. பிடித்துக்கொண்டு போன ஆளுக்கு என்ன ஆயிற்று, பணம் எங்கே போயிற்று என்று அதே வெளியார் கேட்டால் ஆள்பவர் தடுமாறுகிறார். இதற்கு நம் பினாங்கு மண்ணிலேயே சான்று உண்டு.

1998 ஏன் வந்தது என்பதை இளையோருக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1997 ஜூலை 2 அன்று தாய்லாந்து தன் நாணயத்தை மிதக்க விட்டதும் இந்த வட்டாரமே ஆட்டம் கண்டது. டாலருக்கு ஏறத்தாழ இரண்டரை வெள்ளியாக இருந்த நம் நாணயம் 1998 ஜனவரியில் 4.88 வரை சரிந்தது. மருந்து என்ன என்பதில் பிரதமரும் நிதியமைச்சராக இருந்த துணைப் பிரதமர் அன்வார் இப்ராகிமும் இரு வேறு பாதையில் நின்றார்கள். செப்டம்பர் 1 அன்று மூலதனக் கட்டுப்பாடு வந்தது. மறுநாள் டாலருக்கு 3.80 வெள்ளி என்று மதிப்பு நிலைநிறுத்தப்பட்டது. அதே நாள் அன்வார் பதவி நீக்கப்பட்டார்.

அன்வார் நம் பினாங்குக்காரர். புக்கிட் மெர்தாஜாம் பக்கம் செரோக் தோக் குன்னில் பிறந்தவர், 1982 முதல் பெர்மாத்தாங் பாவ் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக அப்போது இருந்தவர். நீக்கப்பட்ட பத்தாம் நாள், செப்டம்பர் 12 அன்று, பெர்மாத்தாங் பாவ் பிரகடனம் வெளியானது. சீர்திருத்த இயக்கத்தின் முதல் ஏடு என்று அதைச் சொல்லலாம். செப்டம்பர் 20 அன்று கோலாலம்பூர் டத்தாரான் மெர்டேகாவில் பெருங்கூட்டம். காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகள் முடியும் தறுவாயில் எலிசபெத் அரசியார் அதே நகரில் இருந்தார். அன்றிரவே அன்வார் கைதானார். பிறகு, விசாரணையின்றிச் சிறை வைக்கும் இசா சட்டம்.

செப்டம்பர் 29 அன்று அவரை நீதிமன்றத்துக்குக் கொண்டு வந்தார்கள். இடது கண்ணைச் சுற்றிக் கறுத்துக் கன்றிப்போயிருந்தது. அவர் பத்திரமாக இருக்கிறார் என்று போலீஸ் படைத் தலைவர் அதற்கு முன் நாட்டுக்குச் சொல்லியிருந்தார். கன்றிய கண்ணோடு அன்வார் கையை உயர்த்தி நின்ற படம் உலகம் முழுக்கப் போனது. அவரே தமக்கு அப்படிச் செய்துகொண்டிருக்கலாம் என்று பிரதமர் பேசியதும் அப்போதுதான்.

அந்தக் கண்ணைப் பற்றி எங்கும் ஒரே கேள்விதான் எழுந்தது: அடித்தது யார்? பிலிப்பைன்ஸ் அதிபர் எஸ்த்ராடா கேட்டார். இந்தோனேசிய அதிபர் ஹபிபி கவலை தெரிவித்தார். ஒருவர் உள்விவகாரத்தில் மற்றவர் தலையிடுவதில்லை என்று சத்தியம் செய்யாத குறையாக வாழ்ந்துவந்த ஆசியான் நாடுகளில் இது புதுமை. வெளியே எழுந்த கேள்விக்கும் உள்ளே எழுந்த கேள்விக்கும் வேறுபாடு இல்லை. கட்சி பாராமல், இனம் பாராமல் நம் மக்களும் அதையே கேட்டார்கள். இதற்கு ‘அந்நியச் சதி’ என்று பதில் சொல்ல முடியாது. கண் கறுத்திருப்பது கண்ணெதிரே தெரிகிறதே! 1999 ஜனவரியில் போலீஸ் படைத் தலைவர் ரஹிம் நோர் பதவி விலகினார். அரச விசாரணை ஆணையம் அமைந்தது. காவலில் கைகள் கட்டப்பட்டு, கண்கள் மறைக்கப்பட்டிருந்த ஒருவரை அடித்தது அவரே என்பது அங்கே வெளிவந்தது. 2000ஆம் ஆண்டு மார்ச்சில் அவருக்கு இரண்டு மாதச் சிறை. தண்டனை சிறிதுதான். ஆனாலும் நாட்டின் தலைமைப் போலீஸ்காரரே குற்றவாளிக் கூண்டில் நின்றார். விசாரணையே இல்லாமல் ஆளைப் பூட்டிவைக்கும் சட்டம் முழு வீச்சில் இருந்த காலத்தில் நடந்தது இது.

அல் கோரின் பேச்சுக்கு நேர்ந்த கதியை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். அவர் கண்ணைப் பற்றிக் கேட்கவில்லை. யாருடைய கை ஓங்க வேண்டும் என்று விருந்து மேடையில் தீர்ப்பு எழுதினார். மறுநாள் நாளேடுகளும் தொலைக்காட்சியும் அன்வாரை விட்டுவிட்டு அமெரிக்காவைப் பிடித்துக்கொண்டன. இப்படி மரியாதை கெட்ட மனிதரைப் பார்த்ததில்லை என்று பிரதமர் சொன்னபோது, அவரை அதுவரை வெறுத்தவர்களிலும் பலர் தலையாட்டினார்கள். சூலியா தெருப் பக்கம் ஒரு நாசி கண்டார் கடையில் நான் காதால் கேட்டதைச் சொல்கிறேன். சீர்திருத்தக் கூட்டங்களின் துண்டறிக்கைகளை நகலெடுத்து இரவுச் சந்தையில் கைமாற்றிவந்த ஒருவர், பத்திரிகையை மேசையில் போட்டுவிட்டுச் சொன்னார்: “ஆடு நனையுதுன்னு ஓநாய் அழுகுது பாருங்கண்ணே. இனிமே நாங்க வாயைத் திறந்தா அமெரிக்காக்காரன் ஆளுன்னுதான் சொல்லுவானுங்க.” அவர் சொன்னபடியே ஆயிற்று.

அந்த மாநாட்டுக்கு வந்திருந்தபோதே அமெரிக்க வெளியுறவு அமைச்சர் மேடலின் ஆல்பிரைட் அன்வாரின் மனைவி டாக்டர் வான் அசிசாவைச் சந்தித்தார். எஸ்த்ராடாவும் சந்தித்தார். சிறையில் இருப்பவரின் மனைவியை நேரில் கண்டு நலம் கேட்பதை யாரும் பெரிதாகக் குறை சொல்ல முடியவில்லை. அமெரிக்கா, மலேசியா என்ற அதே இரு நாடுகள்தான். ஒரு செயல் அந்தக் குடும்பத்துக்குப் பாதுகாப்பு வேலி ஆயிற்று, இன்னொன்று ஆட்சியாளருக்குக் கேடயம் ஆயிற்று.

சிலர் இங்கே குறுக்கிட்டுக் கேட்கலாம்: அமெரிக்கா சொன்னதும் பிலிப்பைன்ஸின் மார்கோஸ் ஓடவில்லையா, அனைத்துலக நாணய நிதியம் இறுக்கியதும் இந்தோனேசியாவின் சுகார்த்தோ விழவில்லையா என்று. நியாயமான கேள்வி.

மார்கோஸ் எப்படிப் போனார்? 1986 பிப்ரவரியில் மணிலாவின் எட்சா சாலையில் இலட்சக்கணக்கானோர் கவச வண்டிகளுக்கு முன்னால் அமர்ந்துவிட்டார்கள். படையில் ஒரு பகுதி மார்கோஸை விட்டு விலகியிருந்தது. அந்நிலையில் அவர் அமெரிக்க மேலவை உறுப்பினர் பால் லக்ஸால்ட்டைத் தொலைபேசியில் அழைத்து, அதிபர் ரீகன் என்ன நினைக்கிறார் என்று கேட்டார். விலகுங்கள், ஒரேயடியாக விலகுங்கள் என்ற பொருளில் பதில் வந்தது. அடுத்த நாள் அமெரிக்க விமானத்தில் ஹவாய் போய்ச் சேர்ந்தார். கவனியுங்கள், கேட்டவர் மார்கோஸ். இருபது ஆண்டு அவர் கேட்டுக் கேட்டுத்தான் ஆண்டார். கிளார்க், சூபிக் படைத்தளங்கள் அமெரிக்காவிடம், கடனும் அங்கிருந்துதான். 1981இல் மணிலாவுக்கு வந்த அமெரிக்கத் துணை அதிபர் ஜார்ஜ் புஷ், மார்கோஸின் ஜனநாயகப் பற்றை மெச்சி மதுக்கிண்ணம் உயர்த்தியவர். தூக்கிப் பிடித்த கையை எடுத்தார்கள், மார்கோஸ் விழுந்தார். எடுக்க வைத்தது மணிலா மக்கள்.

சுகார்த்தோவின் கதையிலும் அந்தப் பிடிதான். 1998 ஜனவரி 15 அன்று அவர் குனிந்து கடன் உடன்படிக்கையில் கையெழுத்திட, நாணய நிதியத் தலைவர் கம்டெசு கைகளைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்ற படத்தை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தப் படம் இந்தோனேசியர்களின் நெஞ்சைச் சுட்டது. மே மாதம் எண்ணெய் விலை ஏறியது. மே 12 அன்று திரிசக்தி பல்கலைக்கழகத்தில் நான்கு மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த நாள்களில் ஜகார்த்தா எரிந்தது; சீனர்களின் கடைகளும் வீடுகளும் சூறையாடப்பட்டன, பெண்கள் சிதைக்கப்பட்டார்கள். மே 20 அன்று ஆல்பிரைட் பதவி விலகலைக் கோரினார். மே 21 அன்று சுகார்த்தோ விலகினார். ஒரு நாள் இடைவெளியை வைத்து இதை அமெரிக்காவின் சாதனை என்பவர்கள், நாடாளுமன்றக் கூரை மேல் ஏறி உட்கார்ந்திருந்த மாணவர்களை மறந்துவிடுகிறார்கள். 32 ஆண்டு அந்த ஆட்சியைத் தாங்கியதும் வாஷிங்டன்தானே?

மகாதீர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். கடன் கொடுத்தவன் பின்னால் கைகட்டி நிற்கும் நிலைக்கு மலேசியாவை அவர் விடவில்லை. நாணய நிதியத்தின் கடனை நாடு வாங்கவே இல்லை. மூலதனக் கட்டுப்பாட்டைப் பொருளியல் முடிவாக நான் குறை சொல்லவில்லை. நாணய நிதியத்தின் மருந்து ஏழைகளைக் கொல்லும் என்று இதே பினாங்கில் இருந்து மூன்றாம் உலக நாடுகள் அமைப்பும், நம் எஸ்.எம்.முகமது இத்ரிஸ் தலைமையேற்ற பயனீட்டாளர் சங்கமும் சொல்லிவந்தன. அது சரியான குரல். ஆனால் கதவை அடைத்த மறுநாளே துணைப் பிரதமரை வெளியேற்றிய வரிசையை நாம் மறக்கலாகாது. வெளியார் இழுத்துப் பிடிக்கக் கயிறு எதுவும் கையில் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே அவர் துணிந்தார். அமெரிக்கா கண்டித்த அந்த மாதங்களில் ஜப்பான் மியாசாவா திட்டத்தின் வழியே உதவிக்கு வந்தது. ‘உலக நாடுகளின் நெருக்குதல்’ என்று நாம் ஒருமையில் பேசுகிறோம். உலகம் ஒருபோதும் ஒரு குரலில் பேசியதில்லை.

1999 நவம்பர் 29 தேர்தலில் ஆளும் தேசிய முன்னணி 193 இடங்களில் 148ஐப் பிடித்தது. மலாய் வாக்காளர்களில் பெரும்பகுதியினர் முகம் திருப்பினார்கள். பாஸ் கட்சி 27 இடங்களை வென்றது, திரெங்கானு ஆட்சியும் கைமாறியது. ஆட்சியைக் காப்பாற்றிக் கொடுத்தது சீனர்களும் இந்தியர்களும். இந்தப் பினாங்கில் எதிரணியின் கர்ப்பால் சிங் ஜெலுத்தோங்கில் தோற்றார், லிம் கிட் சியாங் புக்கிட் பெண்டேராவில் தோற்றார். மக்களுக்காகச் சிறை சென்ற இருவரையும் நாமே வீட்டுக்கு அனுப்பினோம். அதற்காக நம் பெற்றோரை நான் பழிக்க மாட்டேன். 1969 மே 13 இனக் கலவரத்தைக் கண்ட தலைமுறை அது. ஜகார்த்தா எரிந்த படங்களைப் பதினெட்டு மாதத்துக்கு முன்தான் பார்த்திருந்தார்கள். தெருவில் குழப்பம், அதற்குப் பின்னால் அந்நியக் கை என்று ஆளுங்கட்சி விளம்பரம் வந்தபோது, அல் கோர் பேச்சு அதற்குச் சான்றாகக் கிடைத்தது. அச்சமும் தன்மானமும் ஒரே பக்கம் சாய்ந்துவிட்டன.

பிறகு அமெரிக்கா என்ன செய்தது? அன்வாருக்கு 1999 ஏப்ரலில் ஆறு ஆண்டு, 2000 ஆகஸ்டில் மேலும் ஒன்பது ஆண்டு சிறை. 2001 ஏப்ரலில் சீர்திருத்த இயக்கத்தினர் பலரை இசா சட்டத்தில் வளைத்துப் பிடித்தார்கள். அவர்களில் ஆறு பேர் கமுந்திங் தடுப்பு முகாமில் இரண்டு ஆண்டு கிடந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 11க்குப் பிறகு அமெரிக்காவுக்கே விசாரணையற்ற சிறைகள் தேவைப்பட்டன. 2002 மே மாதம் மகாதீர் வெள்ளை மாளிகையில் வரவேற்கப்பட்டார். பயங்கரவாத எதிர்ப்பில் கைகொடுத்ததற்கு நன்றி சொல்லப்பட்டது. துணிவுள்ள மலேசிய மக்கள் அப்போதும் கமுந்திங்கில்தான் இருந்தார்கள். அடுத்தவரின் நட்பை நம்பிப் போராட்டத்தைக் கட்டக் கூடாது என்பதற்கு எனக்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. 2004 செப்டம்பர் 2 அன்று அன்வாரை விடுவித்தது நம் கூட்டரசு நீதிமன்றம்.

இனி நம் இனத்தின் கதைக்கு வருகிறேன். 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூரில், இந்தியர் உரிமை இயக்கமான ஹிண்ட்ராபின் பேரணி. பத்தாயிரக்கணக்கில் திரண்ட தமிழர்கள் மீது கண்ணீர்ப் புகையும் இரசாயன நீரும் பாய்ந்தன. கையில் காந்தி படம் ஏந்தி வந்த தோட்டத்துத் தாய்மார்கள் இருமிக்கொண்டே ஓடியதைப் பார்த்தோம். பிரிட்டிஷ் அரசியாரிடம் மனு கொடுப்பதுதான் அன்றைய நோக்கம். பாலுக்கு அழும் பிள்ளை பெற்ற தாயை விட்டு எங்கோ இருக்கும் பாட்டியைத் தேடிப் போவதா என்று கேலி பேசியவர்கள் உண்டு. எனக்கு அந்த மனு கேலிக்குரியதாகப் படவில்லை. நம்மைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தவர் யார் என்று ஏட்டில் எழுதிவைக்கும் முயற்சி அது.

தமிழ்நாட்டு முதல்வர் கலைஞர் கருணாநிதி பிரதமர் மன்மோகன் சிங்குக்குக் கடிதம் எழுதினார். மலேசியத் தமிழர் படும் பாட்டைத் தடுக்க நடவடிக்கை வேண்டும் என்று கேட்டார். அமைச்சர் நஸ்ரி அசிஸ், உம்முடைய மாநிலத்தின் வேலையைப் பாரும் என்ற தொனியில் பதில் கொடுத்தார். கலைஞரின் கடிதம் நமக்கு ஆறுதல். கேட்க ஒருவர் இருக்கிறார் என்ற அந்த உணர்வை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். ஆனால் டிசம்பர் 13 அன்று ஹிண்ட்ராப் தலைவர்கள் உதயகுமார், மனோகரன், கங்காதரன், கணபதிராவ், வசந்தகுமார் ஐவரும் இசா சட்டத்தில் கமுந்திங் போனார்கள். டில்லி கவலை தெரிவித்ததோடு நின்றது. கணக்குத் தீர்ந்தது 2008 மார்ச் 8 பொதுத் தேர்தலில். தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பெரும்பான்மையை இழந்தது. பினாங்குச் சட்டமன்றத்தின் 40 இடங்களில் 29 எதிரணிக்குப் போயின. பத்து காவானில் முதலமைச்சர் கோ சூ கூனைப் பேராசிரியர் இராமசாமி தோற்கடித்தார். மனோகரன் சிறையில் இருந்தபடியே கோத்தா ஆலாம் ஷா தொகுதியை வென்றார். 1999இல் அச்சத்தில் வாக்களித்த அதே குடும்பங்கள்தாம் இம்முறை மாற்றி வாக்களித்தன. இம்முறை அவர்களை அச்சுறுத்த அந்நிய விருந்தாளியின் பேச்சு எதுவும் கையில் இல்லை.

எட்டு ஆண்டு கழித்து இன்னொரு வகை நெருக்குதல் வந்தது, 1998க்கு நேர் எதிர். 2016 ஜூலை 20 அன்று அமெரிக்க நீதித்துறை, மலேசிய அரசு நிதியான 1எம்டிபியின் பணத்தைத் தேடி வழக்குத் தொடுத்தது. 350 கோடி டாலருக்கு மேல் கையாடப்பட்டதாக அந்த மனு சொன்னது. வீடு, ஓவியம், விமானம், திரைப்படம் என்று பணம் போன தடத்தைக் கணக்குவாரியாக அடுக்கியது. ‘மலேசிய அதிகாரி 1’ என்று ஒருவரைக் குறித்தது. பெயர் இல்லாமலே நாடு புரிந்துகொண்டது. யார் ஆள வேண்டும் என்று அதில் ஒரு வரி கிடையாது. அந்நியத் தலையீடு என்று கூவிப் பார்த்தார்கள், எடுபடவில்லை. 2017 செப்டம்பரில் அதிபர் டிரம்ப் அன்றைய நம் பிரதமர் நஜிப்பை வெள்ளை மாளிகையில் வரவேற்றார். அந்தக் கைகுலுக்கலும் அவரைக் காப்பாற்றவில்லை. வழக்கு மனுவின் தொகைகள் வாட்ஸ்அப்பில் தோட்டத்து வீடுகள் வரை போய்ச் சேர்ந்திருந்தன. தூய தேர்தல் கோரிய பெர்சே பேரணிகளில் மஞ்சள் சட்டையோடு நின்றவர்களுக்கு அவை ஆயுதம் ஆயின. 2018 மே 9 பொதுத் தேர்தலில், விடுதலை பெற்ற நாள் முதல் ஆண்ட கூட்டணி வீழ்ந்தது. வீழ்த்திய கூட்டணிக்கு மகாதீரே தலைமை தாங்கினார், மீண்டும் சிறையில் இருந்த அன்வாரோடு கைகோத்து. அரசியலில் இப்படியும் நடக்கிறது.

இலங்கையைப் பேசாமல் இந்த உரையை முடிக்க எனக்கு மனம் இல்லை. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் நம் உறவுகள் மாண்டு பத்து நாள்கூட ஆகவில்லை. மே 27 அன்று ஜெனிவாவில் ஐ.நா. மனித உரிமை மன்றம், கொழும்பு அரசைப் பாராட்டும் வகையில் அமைந்த தீர்மானத்தை 29 வாக்குகளோடு நிறைவேற்றியது. அந்த 29இல் இந்தியா உண்டு. மலேசியாவும் உண்டு. பின்னர் 2012 முதல் ஜெனிவாவில் கண்டனத் தீர்மானங்கள் வந்தன. அவற்றை இராஜபக்ச குடும்பம் சிங்கள மக்களிடம் கொண்டுபோய், நாட்டைக் காப்பவர்கள் நாங்கள் என்று வாக்காக மாற்றிக்கொண்டது. 2019 நவம்பரில் அக்குடும்பத்தின் கோத்தபாய அதிபரானார்.

அவரை வீழ்த்தியது ஜெனிவா இல்லை. 2022இல் அந்நியச் செலாவணி வற்றியது. எரிவாயு உருளைக்கு வரிசை, பெட்ரோலுக்கு வரிசை, நாளுக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு. ஏப்ரல் 12 அன்று வெளிக்கடனைத் திருப்பிக் கட்டுவதை நாடு நிறுத்தியது. காலி முகத்திடலில் கூடாரம் போட்டு உட்கார்ந்தவர்கள் எழவில்லை. ஜூலை 9 அன்று அதிபர் மாளிகைக்குள் மக்கள் நுழைந்தார்கள். 13ஆம் தேதி மாலத்தீவு, 14ஆம் தேதி சிங்கப்பூர், அங்கிருந்து மின்னஞ்சலில் பதவி விலகல் கடிதம். எந்த வல்லரசும் போ என்று அவரிடம் பகிரங்கமாகச் சொல்லவில்லை. அந்தக் காலி முகத்திடலில் அவ்வாண்டு மே 18 அன்று முள்ளிவாய்க்கால் கஞ்சி வழங்கி இறந்தோரை நினைவுகூர்ந்தார்கள். சிங்களவரும் நின்றார்கள். பத்து ஆண்டு ஜெனிவாத் தீர்மானங்களால் ஆகாதது அது, எவ்வளவு சிறியதாக இருந்தாலும்.

வடக்கில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார்கள் 2017 முதல் தெருவோரப் பந்தலில் இருக்கிறார்கள். இராணுவத்திடம் கையளித்த என் மகன் எங்கே, அந்தப் பெயர்ப் பட்டியலைக் கொடு என்பதுதான் அவர்கள் கேட்பது. கொழும்பில் யார் ஆளலாம் என்று அவர்கள் கேட்கவே இல்லை. உலகம் தீர்மானம் எழுதும்போது முதல் வரியாக இதை எழுதியிருந்தால், எந்த அதிபராலும் அதைத் தேசபக்திப் பேச்சால் மறைக்க முடிந்திருக்காது என்று நான் நம்புகிறேன்.

கண்ணைப் பற்றிய கேள்வி எப்போதும் வெல்லும் என்று சொல்ல வரவில்லை. மியன்மாரில் 2021 பிப்ரவரி 1 அன்று படை ஆட்சியைப் பிடித்தது. மக்கள் எழுந்தார்கள், சுடப்பட்டார்கள். 2022 ஜூலையில் நான்கு கைதிகளைத் தூக்கிலிட்டார்கள். ஆசியான் தலைவராக இருந்த ஹுன் சென் வேண்டாம் என்று கடிதம் எழுதியும் கேட்கவில்லை. ஆனால் அதற்கு முன் ஆசியான் என்ன செய்திருந்தது? 2021 ஏப்ரல் 24 அன்று ஜகார்த்தாவில் ஐந்து அம்ச உடன்பாடு எழுதினார்கள். கைதிகளை விடுவிக்க வேண்டும் என்று அன்றைய நம் பிரதமர் முகிதீன் கூட்டத்திலேயே கேட்டார். ஐந்து அம்சங்களில் அது இடம் பெறவில்லை. மற்ற எல்லாம் இருந்தன: பேச்சுவார்த்தை, தூதர், உதவிப் பொருள். சிறையில் இருப்பவர் மட்டும் இல்லை. எழுதாமல் விட்டதை ஓராண்டு கழித்துக் கடிதத்தில் கேட்டால் தளபதிகள் ஏன் மதிக்கப் போகிறார்கள்?

2025இல் ஆசியான் தலைமை நம்மிடம் வந்தது; பிரதமர் அன்வார் இப்ராகிம். ஒரு காலத்தில், 1997இல், அண்டை நாட்டு நெருக்கடிகளில் ஆக்கபூர்வமாகத் தலையிட வேண்டும் என்று எழுதியவர் அவர். அடுத்த ஆண்டே அவரது கண்ணைப் பற்றி அண்டை நாடுகள் கேட்க நேர்ந்தது. 2025 ஏப்ரலில், மியன்மார் நிலநடுக்கத்துக்குப் பின், பாங்காக்கில் அவர் அந்நாட்டுப் படை ஆட்சித் தளபதி மின் ஆங் லைங்கைச் சந்தித்து உதவிப் பணிகளைப் பற்றிப் பேசினார். பேசியது சரி. ஆங் சான் சூ கியை மருத்துவர் பார்த்தாரா, மற்ற கைதிகள் எங்கே, பட்டியல் எங்கே என்ற கேள்விகளையும் ஒவ்வொரு சந்திப்பிலும், பகிரங்கமாக, மலேசியா கேட்க வேண்டும். அந்தக் கேள்வியின் பலன் என்ன என்று அவருக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை.

கேட்பதற்குத் தகுதியும் வேண்டும். 2022 ஏப்ரல் 20 விடியலில், நம் மாநில எல்லையை ஒட்டிய சுங்கை பாக்காப் தடுப்பு முகாமிலிருந்து 528 ரோஹிங்கியாக்கள் தப்பி ஓடினார்கள். நெடுஞ்சாலையைக் கடக்கும்போது அடிபட்டு ஆறு பேர் மாண்டார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. நம் குடிநுழைவுத் தடுப்பு முகாம்களுக்குள் 2019 ஆகஸ்டு முதல் ஐ.நா. அகதிகள் ஆணையத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டது. உள்ளே இருப்பவர் எத்தனை பேர், எத்தனை குழந்தைகள், யாருக்கு என்ன நோய் என்று வெளியார் நம்மிடம் கேட்டால், அதை அந்நியத் தலையீடு என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை. பினாங்கின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இந்தக் கேள்வியை மக்களவையில் எழுத்து மூலம் கேட்கட்டும். முகாம் கதவுகளை ஆணையத்துக்குத் திறக்கும்படி வற்புறுத்தட்டும். இந்த அவையில் இருக்கும் நீங்கள் உங்கள் தொகுதி உறுப்பினருக்கு அதைக் கடிதமாக எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.